கூடம் கோணலா?

அக்கா பேத்தி எங்கள் வீட்டில் தங்கி ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அவள் வந்த நாளிலிருந்து நாங்கள் டைனிங் டேபிளில் சாப்பிட்டதில்லை. அங்கே எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் நின்றுகொண்டிருக்கும். ஒரு மாதம் பஸ் ஸ்டாண்டு, அடுத்த மாதம் ஆஸ்பத்திரி. மவுண்ட் போர்டு, கட்டர், ஃபெவிக்கால், தலைமுடியில் ஒட்டிய தெர்மோகோல் துணுக்குகள். நானும் என் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தபடி சாப்பிடப் பழகிவிட்டோம்.

போன மாதம் கிராமத்து நூலகம் ஒன்று முளைத்தது. எனக்கே பார்த்தவுடன் கொஞ்சம் திக்கென்றது. சுவர் நேராகப் போகாமல் பாம்பு மாதிரி நெளிந்தது. ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்து, கூரை பாதி வாடிய வாழை இலை போல ஒருபுறம் தூக்கி ஒருபுறம் சரிந்திருந்தது. இடது வலது என்று எதுவும் ஒத்துப்போகவில்லை. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தாள். கல்லூரியில் பார்த்த ஆசிரியர் ஒரே வார்த்தைதான் சொன்னாராம். "ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது? நிமிர்த்திக் கொண்டு வா."

அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"தாத்தா, நிமிர்த்திடவா?"

"நிமிர்த்திடும்மா. முதல்ல மார்க்கை வாங்கு. அப்புறம் உன் சொந்த வீட்டை எவ்வளவு கோணலா வேணும்னாலும் கட்டிக்கோ."

"அப்போ கோணல்னா தப்புதானா?"

நான் பதில் சொல்லவில்லை. தூக்கம் வருகிறது என்றேன். தூக்கம் வரவில்லை.

நம் மொழியைக் கேட்டால் அவளுடைய கட்சி அவுட். நேராக இருப்பதுதான் நேர்மை. நல்ல அரசன் கையில் இருப்பது செங்கோல், கெட்டவன் கையில் இருப்பது கொடுங்கோல், அதாவது வளைந்த கோல். புத்தி கெட்டவனுக்குக் கோணல் புத்தி. திருந்தாதவனுக்கு நாய் வால். நடுவுநிலைமைக்கு வள்ளுவர் பிடித்த சொல் கோடாமை, வளையாமல் இருப்பது. இதில் ஒரு வேடிக்கை. இன்று கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவதுதான் ஞாபகம் வருகிறது. பழந்தமிழில் கோடுதல் என்றால் வளைதல். மாட்டின் கொம்பும் கோடு, மரத்தின் கிளையும் கோடு. இரண்டும் ஸ்கேலுக்கு அடங்காதவை. கோட்டை நிமிர்த்தியது பிற்பாடு வந்த நாம்தான் போலிருக்கிறது.

போதாததற்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி வேறு. ஆடுகிறவளைப் பற்றித்தான் எல்லோரும் சிரிக்கிறோம். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததா என்று ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. கோணலாகவே இருந்தாலும் அதில் ஆட முடியுமா, முடியாதா என்றும் யாரும் கேட்கவில்லை.

சரி, நேர் என்பது அவ்வளவு யோக்கியமானதா? ஏதென்ஸில் பார்த்தினான் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு நானூற்று முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன்னால் கட்டியது. நேருக்கும் சமச்சீருக்கும் உலகமே உதாரணம் காட்டுகிற கட்டடம். கிட்டே போய் அளந்தவர்கள் கண்டது என்ன? தரை நடுவில் லேசாக மேடிட்டிருக்கிறது. தூண்கள் நடுவில் கொஞ்சம் உப்பி, கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. கண்ணுக்கு நேராகத் தெரியவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வளைத்தார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அது சரியென்றால், நிஜமாகவே நேராகக் கட்டியிருந்தால் தொய்ந்த மாதிரி தெரிந்திருக்கும்! பார்க்கிறவர் திருப்திக்காக நிமிர்ந்து நிற்பதுபோல் பாவனை செய்வது மனிதர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை.

மறுநாள் அவளுக்குக் கௌடியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குப் பெயர் தெரியும். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாம். நான் சொல்ல வந்தது ஐந்து மார்க்கில் அடங்காத சமாசாரம்.

அந்தோனி கௌடி. 1852-ல் ஸ்பெயினின் கத்தலோனியாவில் பிறந்தவர். அப்பா செம்புப் பாத்திரம், கொதிகலன் செய்கிறவர். தட்டையான தகடு அடி வாங்கி அண்டாவாக உருண்டு வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பார்சலோனாவில் கட்டிடக்கலை படித்தார். அங்கே குவெல் என்று ஒரு மில் முதலாளி. ஊருக்கு வெளியே துணி ஆலை வைத்து, தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டி ஒரு காலனியே அமைத்தவர். அந்தத் தொழிலாளர்கள் கும்பிட ஒரு மாதா கோயில் வேண்டும் என்று 1898-ல் கௌடியிடம் கேட்டார். கௌடி சரி என்றார். அஸ்திவாரக் கல் எப்போது வைத்தார்கள் தெரியுமா? 1908-ல். நடுவில் பத்து வருஷம். மனிதர் தூங்கவில்லை. மாடல் செய்துகொண்டிருந்தார்.

அட்டையில் அல்ல, களிமண்ணில் அல்ல. கயிற்றில்!

கோயில் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அதன் மேலே பலகை அடித்து, கோயிலின் தரைப்படத்தை அதில் தலைகீழாக வரைந்து, தூண்கள் வரவேண்டிய இடங்களிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டார். ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிறு, அதிலிருந்து மற்றொன்று. ஒவ்வொரு கயிற்றிலும் ஈயக் குண்டுகள் போட்ட சின்னச் சின்னப் பைகள். கட்டடத்தில் அந்த இடம் எவ்வளவு பாரம் தாங்கவேண்டுமோ அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எடை. பத்து டன்னுக்கு ஒரு கிலோ. அளவு பத்தில் ஒன்று. நாலு மீட்டர் உயரத்துக்கு ஒரு சிலந்திக் கூடு போலத் தொங்கியது.

கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு. இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஒரு பாரத்தைக் கட்டினால் தனக்கு எது சௌகரியமோ அந்த வளைவில் போய் நிற்கும். கெஞ்சினாலும் வேறு வளைவில் நிற்காது. அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் கல்லில் கட்டினால், இழுத்தது எல்லாம் அழுத்தமாக மாறிவிடும். கல்லுக்கு அழுத்தம்தான் பிடிக்கும், இழுத்தால் விட்டுவிடும். ஆக, தொங்கும் கயிறு எப்படி வளைகிறதோ அப்படி நிற்கும் வளைவு, கல்லுக்கு ஏற்ற வளைவு. இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் 1675-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வேறு யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, லத்தீன் வாக்கியத்தின் எழுத்துக்களை எல்லாம் கலைத்துப் போட்டு ஒரு புதிராக அச்சடித்தார். விடை வெளிவந்தபோது ஆள் போய்ச் சேர்ந்திருந்தார். உண்மையைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் தாராள மனசுக்காரர்கள் என்று சொல்வதற்கில்லை.

கௌடியின் கொட்டகைக்கு வருவோம். கயிற்று மாடலை போட்டோ எடுத்து, போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் சாயம் பூசிச் சுவரும் கூரையும் வரைந்தார். கோயில் தெரிந்தது. தூண்கள் சாய்ந்திருந்தன. எந்த இரண்டும் ஒரே மாதிரி சாயவில்லை. பாரம் வரும் திசையில் தூண் சாய்ந்து நிற்பதுதானே நியாயம்? நாமும் தோளில் மூட்டை வைத்தால் செங்குத்தாகவா நிற்கிறோம்?

என்னைப் பிடித்து நிறுத்திய இடம் இதுதான். அந்தக் கோணல் அவர் இஷ்டத்துக்கு வந்ததில்லை. தரைப்படம் அவருடையது, எடைகள் அவருடைய கணக்கு. வளைவு மட்டும் அவருடையதில்லை. ஒரு பையில் நாலு குண்டு கூடுதலாகப் போட்டால் அந்தக் கயிறு மட்டுமல்ல, கூடு முழுவதும் நகர்ந்து இடம் மாறிக்கொள்ளும். எங்கேயோ மூலையில் இருக்கும் கயிறுகூடத் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். மறுபடி எல்லாவற்றையும் அளக்கவேண்டும். பத்து வருஷம் ஏன் ஆனது என்று இப்போது புரிகிறதல்லவா?

நான் இதைச் சொல்லச் சொல்ல, பேத்தி உள்ளே போய் என் மனைவியின் ரெட்டை வடச் சங்கிலியைக் கொண்டுவந்துவிட்டாள். சுவரில் இரண்டு ஆணி. சங்கிலி தொங்கியது. அழகான வளைவு. நடுவில் ஒரு சாவிக்கொத்தை மாட்டினாள். வளைவு கூம்பிக்கொண்டது. சாவியை ஒருபுறம் தள்ளினாள். சங்கிலி கோணிக்கொண்டது.

"தாத்தா, கோணல் தானா வரலை. பாரம் ஒருபக்கமா இருக்கு, அதனால வருது."

"அதேதான்."

"அப்போ சமச்சீரா நிக்கிற சங்கிலிதான் இங்கே பொய்."

அவ்வளவு தூரம் போகாதே என்றேன். ஏனென்றால் மறுபக்கமும் இருக்கிறது, அதை நான் மறைக்கக்கூடாது. குவெல் காலனிக் கோயில் கட்டி முடிக்கப்படவே இல்லை. 1914-ல் முதலாளி வீட்டார் பணத்தை நிறுத்தினார்கள். வேலை நின்றது. எழும்பியது கீழ்த்தளம் மட்டும். அதையே 1915-ல் மந்திரித்துக் கோயிலாக்கிவிட்டார்கள். மேலே வரவேண்டிய கோபுரங்கள் தலைகீழ் போட்டோக்களில்தான் இருக்கின்றன. கயிற்று மாடலும் இன்று இல்லை. பத்து வருஷம் காத்திருந்த மில் தொழிலாளிக்குக் கிடைத்தது ஒரு நிலவறை. உலகம் அதை அதிசயம் என்று கொண்டாடுகிறது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் தறியிலிருந்து வந்து நின்றவன், "ஐயா, நாலு நேர் சுவரை எழுப்பியிருந்தா முழுக் கோயிலே கிடைச்சிருக்குமே" என்று கேட்டிருந்தால் கௌடி என்ன சொல்லியிருப்பார்? பொறுமை நல்ல குணம்தான். ஆனால் யாருடைய செலவில் பொறுமை என்று ஒரு கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

நேர்கோட்டுக்குச் சாதகமாகச் சொல்லவேண்டியது இதுதான். அது சிக்கனம். செங்கல் நேர், பலகை நேர், தூக்குக்குண்டு நேர். தினக்கூலிக்கு வந்த கொத்தனாருக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ஏழைக்கு வீடு கட்டுகிறவன் நேர்கோட்டை அலட்சியமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் இந்தக் கௌடி என்னை அங்கேயும் விடவில்லை. 1909-ல், தன் பெரிய கோயிலான சக்ராதா ஃபமிலியாவின் வளாகத்திலேயே வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். மெல்லிய செங்கல் சுவர். காசு கம்மி. அந்தச் சுவரும் நெளிந்தது, கூரையும் அலை அலையாகப் போனது. அலங்காரத்துக்கு அல்ல. ஒரு போஸ்ட் கார்டை ஓரத்தில் பிடித்து நீட்டுங்கள், தொங்கிவிடும். லேசாக வளைத்துப் பிடியுங்கள், விறைத்து நிற்கும், மேலே பேனாவை வைத்தாலும் தாங்கும். பனை மட்டை ஏன் தட்டையாக இல்லாமல் வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கிறது? அத்தனை பெரிய ஓலையைத் தாங்கவேண்டுமே. நெளிந்த சுவர் மெல்லியதாக இருக்கலாம், நேர்சுவர் நிற்கவேண்டுமென்றால் தடித்தாகவேண்டும். அங்கே வளைவுதான் சிக்கனம். வடிவத்தில் ஒரே கறார் பேர்வழியான லெ கார்பூசியே 1928-ல் அங்கே போனபோது, அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தை நோட்டில் வரைந்துகொண்டாராம்.

நெளிவு சுளிவு தெரிந்தவன் என்று ஒருவனைப் பாராட்டுகிறோமே, நம் மொழியில் வளைவுக்குக் கிடைத்த ஒரே நல்ல சர்டிஃபிகேட் அதுதான் என்று நினைக்கிறேன். அதையும் பெரும்பாலும் தாலுகா ஆபீஸில் காரியம் முடிக்கிறவனுக்குத்தான் கொடுக்கிறோம்.

எல்லா வளைவும் கயிற்றிலிருந்து வருவதில்லை. கண்ணிலிருந்தும் வரும். சிட்னி ஆப்பரா ஹவுஸை காலண்டரில் பார்த்திருப்பீர்கள். 1957-ல் போட்டியில் ஜெயித்த யோர்ன் உட்ஸனுக்கு வயசு 38. டென்மார்க்காரர். காற்றில் புடைத்த பாய்மரம் மாதிரி, கையால் வரைந்த வளைவுகள். பிரமாதம் என்றார்கள். எப்படிக் கட்டுவது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும்தான். ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு வளைவு, எதற்கும் விதி இல்லை. கூரைக்கு விடை தெரியாமலே 1959-ல் கீழே மேடை கட்டும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அரசியல் அவசரம். என்னென்னவோ வளைவுகளைப் போட்டுப் பார்த்துத் தோற்ற பிறகு 1961-ல்தான் விடை கிடைத்தது. எல்லா ஓடுகளையும் ஒரே பந்திலிருந்து வெட்டியெடுத்தால் என்ன? ஆரஞ்சுப் பழத் தோலை உரிப்பதுபோல. 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளம். ஒரே அச்சில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து அடுக்கிவிடலாம். பார்க்க ஒவ்வொன்றும் வேறு, உள்ளே எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று தொடங்கியது 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. நடுவில் ஆட்சி மாறி, பில் பணம் நின்று, தகராறு முற்றி, 1966-ல் உட்ஸன் ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். 1973-ல் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். 2008-ல் சாகும்வரை உட்ஸன் திரும்பி வரவே இல்லை. முடிந்த கட்டடத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

இதில் யார் தப்பு? சிட்னிவாசி யாரிடமாவது இன்று கேட்டால், கட்டடம் கிடைத்ததே, விடுங்கள் என்பார்கள். நான் அவ்வளவு சுலபமாக விடமாட்டேன். கட்டத் தெரியாததைக் கட்டுவதாக வாக்குக் கொடுப்பது ஒரு வகையில் கோணல்தான். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, தான் ஆசை ஆசையாக வரைந்த கோட்டையே அவர் விட்டுக்கொடுத்தார் பாருங்கள், அது நேர்மை. போட்டியில் பரிசு வாங்கிய வளைவு வேறு, இன்று நிற்கும் வளைவு வேறு.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. மாடலில் அழகாக இருந்து, தெருவில் இறங்கியதும் அடுத்தவனைச் சுடுவது. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் வால்ட் டிஸ்னி கச்சேரி மண்டபம், 2003-ல் திறந்தது. கட்டியவர் ஃபிராங்க் கெரி, அட்டையையும் காகிதத்தையும் வளைத்து வளைத்து மாடல் செய்வதில் பெயர் பெற்றவர். வெளியே எஃகுத் தகடுகள் பூ இதழ் மாதிரி விரிந்து நிற்கும். அதில் ஒரு பகுதியைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டிருந்தார்கள். உள்ளே குழிந்த பளபளப்பு வெயிலைச் சேர்த்து எதிர் ஃபிளாட்டுகளில் அடித்தது. குடியிருந்தவர்கள் ஏ.சி. போட்டும் தாளவில்லை என்று புகார் செய்தார்கள். நடைபாதையும் காய்ந்தது. 2005-ல் ஆட்களை ஏற்றி அந்தத் தகடுகளைத் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றார்கள். இதற்குப் பிறகாவது உலகம் கற்றுக்கொண்டதா என்றால், 2013-ல் லண்டனில் வேறு ஒருவர் கட்டிய குழிந்த கண்ணாடிக் கட்டடம், கீழே நிறுத்திய ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது.

மாடலுக்கு இதுதான் குறை. அதற்கு அக்கம்பக்கம் இல்லை. மேஜைமேல் வைத்து மேலேயிருந்து குனிந்து பார்க்கிறோம், கடவுள் பார்ப்பதுபோல. அந்தக் கோணத்தில் எந்த மனிதனும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கப்போவதில்லை. எதிர்வீட்டுக்காரன் ஜன்னல் மாடலில் வராது. வெயில் வராது. மழைத்தண்ணீர் எந்தப் பள்ளத்தில் தேங்கும் என்று மவுண்ட் போர்டு சொல்லாது. கௌடியின் கயிற்றுக்காவது எடை என்று ஒரு வாத்தியார் இருந்தார். அட்டைக்கு யாரும் இல்லை. எப்படி வளைத்தாலும் ஃபெவிக்கால் பிடித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி முடித்தபோது, அவள் கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். பேசாமல் மாடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மேற்குப் பக்கச் சுவரைத் தொட்டாள்.

"இந்த வளைவு எதுக்குன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியலை தாத்தா. நல்லா இருந்துச்சு, வச்சேன்."

"கூரை?"

"கூரை தெக்கே சாயறது தண்ணிக்காக. அந்தப் பக்கம்தான் ஊருணி. ஆனா இவ்வளவு தூக்கணுமா, தெரியலை."

"இந்தக் குழிவு?" கிழக்கே, சுவர் உள்பக்கம் நன்றாக ஒடுங்கிப்போன இடம். ஆசிரியர் அதைத்தான் முதலில் விரலால் காட்டினாராம்.

"அங்கே வேப்பமரம் இருக்கு. சைட்டுக்குப் போனப்போ பார்த்தோம். ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவு. நேரா சுவர் எடுத்தா வெட்டணும்."

"மாடல்ல மரத்தைக் காணோமே!"

"நேரம் இல்லை. கடைசியா வைக்கலாம்னு விட்டுட்டேன்."

குவெல் காலனிக் கோயிலின் படிக்கட்டை ஒரு பைன் மரத்துக்காகக் கௌடி திருப்பிக் கட்டினார் என்று அங்கே சொல்வதுண்டு. அதை அவளுக்குச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

அந்த ராத்திரி கட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேற்குச் சுவரைப் பிரித்து நேராக்கினாள். கூரையைக் கொஞ்சம் இறக்கினாள். அதை எவ்வளவு இறக்குவது என்று ஒரு மணி நேரம் தனக்குள்ளேயே சண்டை. கிழக்குக் குழிவை மட்டும் தொடவில்லை. காலையில் நான் காபிக்கு எழுந்தபோது, அதற்கு முன்னால் தென்னந்துடைப்பக் குச்சியும் பச்சை ஸ்பாஞ்சுமாக ஒரு மரம் நின்றது. அளவுக்கு மீறிப் பெரிதாகத்தான் செய்திருந்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்கவில்லை.

மாடலைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன். சுவரில் சங்கிலி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, சாவிக்கொத்து ஒருபக்கமாக. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏங்க, சாயந்திரம் கல்யாணத்துக்குப் போகணும். அதைக் கழட்டிக் கொடுக்கறீங்களா, இல்லை நானே எடுத்துக்கட்டுமா?" என்றாள் மனைவி.